யாருக்கும் ஆகாத ரத்தம்

வில்லாபுரத்துக் கொசுக்கள் ஒரு கட்டத்தில் மலையாண்டியைக் கடிப்பதை நிறுத்திக்கொண்டன. கடித்த கொசு ஒன்று எழுந்து பறக்க மாட்டாமல் சுவரோரமாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்தது என்று அந்தத் தெருவில் பேச்சு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அவர் ரத்தம் கெட்டிப்பட்டுப் போனது உண்மை. அதைச் சொன்னவர் படித்த டாக்டர், கதை கட்டத் தெரியாதவர்.

மலையாண்டிக்குத் தொழில் பாத்திர வாடகை. கல்யாணம், காதுகுத்து, கிடா விருந்து எதுவானாலும் அந்த வட்டாரத்துக்கு அண்டாவும் குண்டானும் கரண்டியும் வாளியும் அவர் கடையிலிருந்துதான் போகும். போகும்போது அவர் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. திரும்பி வரும்போதுதான் அவருடைய மூக்கு வேலைக்கு வரும். ஒவ்வொரு அண்டாவுக்குள்ளும் கழுத்துவரை தலையை விட்டு முகர்வார். விளிம்பு மடிப்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் பருப்பு, கரண்டிக் காம்பின் துளையில் ஊறிக் கிடக்கும் பழைய எண்ணெய், வாளியின் அடிவளையத்தில் எவனோ அணைத்துச் சொருகிய பீடித் துண்டு, எல்லாமே அந்த மூக்குக்குத் தெரியும். ஒருமுறை ஒரு குண்டானை முகர்ந்துவிட்டு, “ஊசிப்போன தேங்காயில குருமா வச்சிருக்கானுக” என்று முகத்தைச் சுளித்தார். அன்று சாயங்காலமே அந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். அதற்குப்பிறகு சில வீட்டார் விருந்துக்கு முன்பே அவரை அழைத்து முகரச் சொன்னதாகவும் கேள்வி.

ஆக, அருவருப்புதான் அவருக்குச் சோறு போட்டது. வெளியில் டீ குடிக்க மாட்டார், கண்ணாடி கிளாஸைப் பார்த்தாலே குமட்டும். பேருந்துக் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். அடுத்தவர் தும்மினால் இவர் போய்க் குளித்துவிட்டு வருவார். குடி, சிகரெட், புகையிலை எதுவும் கிடையாது. அதெல்லாம் பாவம் என்பதனால் இல்லை, நாற்றம் என்பதனால்.

அப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்திலேயே கலப்படமில்லாத பொருள் ஒன்று உண்டு என்றால் அது தன்னுடைய ரத்தம்தான். பி நெகட்டிவ். கேட்ட இடத்தில் கிடைக்காத வகை. இளவட்டமாக இருந்தபோது ஆரம்பித்து, வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை தவறாமல் கொடுத்து வந்தார். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொடுத்து முடித்ததும், “சுத்தமான சரக்கு, பத்திரமா வைங்க” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வட்டார ரத்ததானச் சங்கத்துக்கு அவர் துணைத் தலைவர். பேருந்து நிறுத்தத்தில், கிடா விருந்து பேனருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் நடுவில், ‘குருதிக் கொடையாளர்’ என்ற பட்டத்தோடு அவர் கைகூப்பி நின்றார்.

கணவன் ஊருக்கு ரத்தம் கொடுத்தால், அந்தக் கணவனுக்கு ரத்தம் கொடுப்பது யார்? மனைவி பாண்டியம்மாள். அவள் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில். அந்தப் பக்கம் பிள்ளை பெற்றவள், காயம்பட்டவன், ஆபரேஷன் முடிந்து வந்தவன் என்று உடம்பிலிருந்து ரத்தம் இறங்கியவர் யாராக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல். சுவரில் விட்டெறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று, தொட்டால் கையில் பிசுபிசுப்பை விட்டுப் போகும் ஒரு வஸ்து. அதை அனலில் வாட்டி, மிளகும் சீரகமும் போட்டு வதக்கி, கூடவே உறைந்த ஆட்டு ரத்தத்தைச் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பூவும் சேர்த்துப் பொரித்து வைப்பாள். இறங்கினதை ஏற்றியாக வேண்டும் என்பது அவள் கணக்கு.

மலையாண்டி அதைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆனாலும் வருசத்துக்கு இரண்டு மூன்று நாள்தானே என்று மூச்சைப் பிடித்து விழுங்கிவிடுவார். ரத்தம் கொடுக்கிறவனுக்குச் சுவரொட்டி தின்னுவது ஒரு கடமை, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, போன வருசத்து முகாம் வரைக்கும்.

கொஞ்ச நாளாகவே அவருக்குச் சுடுதண்ணீரில் குளித்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் அரிக்கும். தலை கனக்கும். முகம் கோவைப்பழம்போல் சிவந்து கிடக்கும். முகாமில் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த பெண், இன்னொரு விரலைக் குத்தினாள். பிறகு மூன்றாவது விரலைக் கேட்டாள். கடைசியில், “ஐயா, இன்னிக்கு வேணாம், நீங்க பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

காட்டினார். பல பரிசோதனைகள். எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்த ஒன்று உள்பட. எல்லாம் முடிந்து டாக்டர் தமிழ்ச்செல்வி அவரை எதிரில் உட்காரவைத்து ஒரு நீளமான பெயரைச் சொன்னார். மலையாண்டிக்கு அது வாயில் நுழையவில்லை. அதனால் டாக்டர் அவருடைய தொழிலுக்கே இறங்கி வந்தார். சாம்பாரில் பருப்பு அளவுக்கு மேல் போய்விட்டால் என்ன ஆகும்? வாளியில் வார்க்க வராது, கரண்டியோடு நிற்கும். அதுபோல அவர் ரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மேல் போய்விட்டது. எலும்பு மஜ்ஜை யார் பேச்சையும் கேட்காமல் உற்பத்தி பண்ணிக்கொண்டே இருக்கிறது. இப்படியே விட்டால் எங்காவது அடைக்கும். நெஞ்சில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். ஒரு சின்ன மாத்திரை தினமும் போட வேண்டும். அதோடு அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிட வேண்டும்.

மலையாண்டிக்கு உயிர் வந்தது. எடுக்கிறதுதானே, அது அவருக்குப் பழகின வேலை. கூடுதலாகவே தருகிறேன், யாருக்கு வேண்டுமோ கொடுங்கள் என்றார்.

“இல்லைங்கய்யா. இந்தச் சீக்கு உள்ளவங்க ரத்தத்த அடுத்தவங்களுக்கு ஏத்துறதில்ல. இனிமே நீங்க தானம் பண்ணக் கூடாது.”

“அப்ப எடுத்து?”

“கழிவுல போட்டு எரிச்சிருவாங்க.”

அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக, ஊசி குத்தியபின் முகத்தைத் திருப்பாமல் பார்த்தார். குழாய் வழியாக ரத்தம் அவசரமே இல்லாமல், ஜிலேபிப் பாகுபோல இறங்கியது. பை நிறைந்ததும் ஒரு பையன் வந்து அதை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு போனான். மூலையில் மஞ்சள் பை போட்ட தொட்டி ஒன்று இருந்தது. சீழ் பிடித்த பஞ்சு, அவிழ்த்துப் போட்ட புண் கட்டு, யாருடைய உடம்பிலிருந்தோ உருவின குழாய் எல்லாம் அதற்குள் கிடந்தன. அதற்கு மேல் மலையாண்டியின் சுத்தமான சரக்கு ‘தொப்’பென்று விழுந்தது. இத்தனை வருசமாக ஊரான் எச்சிலை முகர்ந்து பார்த்து ஒதுக்கிய மனிதர். இன்று ஊர் அவரை முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிட்டது.

இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பாண்டியம்மாள் அவர் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டாள். மலையாண்டி ஆமாம் என்று தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலில்தான் வந்தது வினை.

வருசத்துக்கு மூன்று முறையாக இருந்தது, மாதத்துக்கு இரண்டு முறை ஆனது. ஊரில் விபத்து பெருகிவிட்டது, நம்ம வகைக்கு ஆள் இல்லை என்று அவளிடம் ஏதேதோ சொல்லி வைத்தார். அவளும் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, மார்பை நிமிர்த்திக்கொண்டு அடுப்படியில் இறங்கினாள். பக்கத்து வீட்டு பக்கீர் முகமது பிரியாணி மாஸ்டர். பிரியாணி வேகும் தேக்சாவெல்லாம் மலையாண்டி கடையில்தான் எடுப்பார். விருந்துக்கு வெட்டும் ஆடுகளிலிருந்து சுவரொட்டியை ஒதுக்கி இலையில் சுற்றி, “ரத்தம் குடுக்குற மனுசன், அவருக்கில்லாததா தங்கச்சி?” என்று தானாகவே கொண்டுவந்து தருவார். ரத்தம் மட்டும் அவர் தொட மாட்டார், அது அவருக்கு ஹராம். அதற்காகப் பாண்டியம்மாள் விடிகாலையில் தூக்குவாளியோடு வேறு கறிக்கடைக்குப் போய் நிற்பாள். போதாததற்கு முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சை, கடையில் விற்கும் சத்து டானிக்.

மலையாண்டி தட்டின் முன்னால் உட்கார்ந்து படும் பாட்டைச் சொல்லி முடியாது. பல்லில் படாமல் விழுங்கப் பார்ப்பார், அது தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். பொரித்த ரத்தம் மணல்போல நாக்கில் உதிரும். கோயில் மணி அடித்ததும் வாசலில் கட்டிய கிடா முழித்துப் பார்ப்பது போன்ற ஒரு பார்வையோடு அவர் மெல்லுவார். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் சொல்ல வேண்டும். சொல்வதைவிடத் தின்பது மேல் என்று தின்றார்.

இந்தப் பக்கம் டாக்டருக்குத் தலை சுற்றியது. எடுக்க எடுக்க ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாளி இறைத்தால் ஒன்றரை வாளி ஊறும் கிணறா இது? இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். மலையாண்டி மாத்திரை இல்லை என்றார். அது சத்தியம். டானிக்கை அவர் மாத்திரையாகக் கருதவில்லை. சுவரொட்டியைப் பற்றி வாய் திறக்கவும் கூச்சம். அண்டாவை முகர்ந்து ஆளை எடைபோடுகிற மனிதன், நான் வாரம் தவறாமல் ஆட்டு மண்ணீரலும் ரத்தமும் தின்கிறேன் என்று ஒரு படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்லுவான்? எலி தின்றேன் என்று சொல்வதுபோல அல்லவா இருக்கும்.

தெருவிலோ வேறு பேச்சு. அவர் முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்துகொண்டே போனது. இரவில் அவர் நடந்து வந்தால் தெருவிளக்கு தேவையில்லை என்றார்கள். தெருப் பெண்கள் பாண்டியம்மாளிடம் வந்து பக்குவம் கேட்டுப் போனார்கள். அவள் காலைத் தரையில் வைக்காமல் நடந்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் பக்கீர் முகமது கைலியை மடித்துக் கட்டியபடி கடைக்கு ஓடிவந்தார். மகள் ஆயிஷா சித்திகாவுக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில் ரத்தப்போக்கு நிற்கவில்லை, பி நெகட்டிவ் கேட்கிறார்கள், இருப்பில் ஒரே ஒரு பை கிடந்தது, அது ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் வேண்டும் என்கிறார்கள். அவர் வேறு எங்கும் தேடவில்லை. ரத்தமே பக்கத்து வீட்டில் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்?

“மலையாண்டிண்ணே, வாங்க, வண்டி நிக்குது.”

மலையாண்டி ஏறி உட்கார்ந்தார். விஷயம் பாண்டியம்மாள் காதுக்கும் போய், அவளும் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்தாள்.

ரத்த வங்கி வாசலில் வரிசையில் நிற்கையில் அவர் மனசு குரங்காட்டம் போட்டது. உள்ளே போய்ச் சீக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தால்? போன வாரம்தான் எடுத்திருக்கிறது, இன்றைக்கு அளவு கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், விரலில் குத்திப் பார்த்தாலும் தப்பித்துவிடலாம். ஒரு பை போனால் தனக்கும் நல்லது. பேனரில் இருக்கிற பெயரும் நிலைக்கும். ஆயிஷாவும் பிழைத்துக்கொள்வாள், அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். யாருக்குத் தெரியப் போகிறது?

உள்ளே ஒரு பெண் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் மஞ்சள் காமாலை வந்ததா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மலையாண்டியின் முறை வந்தது. வாயைத் திறந்தார். அவருக்கு அந்த மஞ்சள் தொட்டி கண்ணில் வந்தது. அதற்குள் விழுந்து கிடந்ததை எடுத்துத் துடைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் இலையில் பரிமாறுவதுபோல் இருந்தது. கழுவாத அண்டாவை ஒரு நாளும் அவர் அடுத்த பந்திக்கு அனுப்பியதில்லை. வயிற்றிலிருந்து ஒரு குமட்டல் கிளம்பி நெஞ்சுவரை வந்தது. அவரைக் காப்பாற்றியது தர்ம சிந்தனை என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்தக் குமட்டல்தான்.

திரும்பி, பின்னால் நின்ற பக்கீரிடம் சொன்னார்.

“பாய், என் ரத்தம் ஆகாது. ரத்தத்துல சீக்கு. ஆறு மாசமா எடுத்துக் குப்பையிலதான் போடுறாங்க.”

பக்கீருக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. “சரிண்ணே, அப்ப வேற யாரு?” என்றார், அவ்வளவுதான். மலையாண்டி சங்கத்துச் செயலாளர் முத்துக்குமரனை போனில் பிடித்தார். சங்கத்தில் யார் யார் என்ன வகை, யார் கொடுத்து எத்தனை நாளாகிறது என்பதெல்லாம் மலையாண்டிக்கு அண்டா வாசனைபோல அத்துப்படி. விளாங்குடியிலிருந்து ஒரு பஸ் டிரைவரும், ஒத்தக்கடையிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியாரும் கிளம்பி வந்தார்கள். டிரைவர் வண்டியை டிப்போவில் விடாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு, பயணிகளைப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு வந்தார் என்று பின்னால் ஒரு கதை கிளம்பியது, அது போகட்டும். பொழுது சாய்வதற்குள் ஆயிஷாவுக்கு ரத்தப்போக்கு நின்றது. பிள்ளையும் நல்லபடி இருந்தது.

ஆனால் வரிசையில் அவர் சொன்னதை இன்னொருத்தியும் கேட்டிருந்தாள். பாண்டியம்மாள், கையில் கூடையோடு தூணோரம் நின்றிருந்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகுதான் அவள் ஆரம்பித்தாள். சீக்கு வந்ததற்கு அவள் திட்டவில்லை. அதற்கு அழுதாள். அழுது முடித்த கையோடு, விடிகாலையில் தூக்குவாளியோடு நின்ற நாட்களையும், சுவரொட்டியின் தோலை நகம் வலிக்க உரித்த நாட்களையும் எடுத்துக்கொண்டாள். “அம்புட்டும் தின்னுட்டுக் குப்பையில கொண்டுபோய்க் கொட்டிருக்கீக. ஒரு நாய்க்குப் போட்டிருந்தா வாலையாச்சும் ஆட்டியிருக்கும்” என்றாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவரைத் தனியாக விடாமல் கூடவே போனாள். டாக்டர் முன்னால் போய் நின்று, செய்து போட்டதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

டாக்டர் தமிழ்ச்செல்வி முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். இந்தச் சீக்கு சாப்பாட்டால் வந்தது இல்லை, அது அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் சிவப்பணு செய்ய இரும்புச்சத்து வேண்டும். ரத்தம் எடுப்பதே அந்த இரும்பைக் குறைத்து உற்பத்தியை அடக்கத்தான். “நாங்க ஒரு பக்கம் அடுப்புல தண்ணி தெளிக்கிறோம், நீங்க மறுபக்கம் வெறகு தள்ளியிருக்கீங்கம்மா. டானிக்கும் சுவரொட்டியும் ரத்தமும் வேணாம். சாதாரண வீட்டுச் சாப்பாடு போதும். தண்ணி நெறையக் குடிக்கட்டும். எடுக்கச் சொன்ன நாள்ல தவறாம வந்துரணும், அதுல மட்டும் ஏமாத்தக் கூடாது.”

பாண்டியம்மாள் அன்றையிலிருந்து வீட்டில் அடுப்பையே வேறு ஆளாக்கிவிட்டாள். புடலங்காய், ரசம், மோர். சில மாதங்களில் அளவு கட்டுக்குள் வந்தது. எடுக்கும் இடைவெளியும் கூடியது. அரிப்பு குறைந்தது, தலைக்கனம் போனது. கூடவே முகத்துச் சிவப்பும் போனது. மலையாண்டி நன்றாக வெளுத்தார். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் உட்கார்ந்து ஏற வேண்டியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான், பயமில்லை என்றார் டாக்டர்.

டாக்டருக்குப் பயமில்லை. தெருவுக்கு இருந்தது. பக்கீர் முகமது தன் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை, சுவரொட்டி கொண்டுவருவதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார். ஆகவே தெருவில் உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் கண்டது இதுதான்: ஊருக்கு ரத்தம் கொடுக்கிற மனுசன் பஞ்சுபோல வெளுத்துப் போனார், பெண்டாட்டி கறி எடுப்பதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் லாரி வரும் இடத்தில் ஒருத்தி, “அக்கா இப்ப காசு சேத்து வைக்கிறாக போல, பாவம் அண்ணன்” என்றாளாம். இன்னொருத்தி அவர் முகத்தைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது என்றாளாம். பாண்டியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பதில் சொல்லாமல் வந்துவிடுவாள். அவர் சீக்கை அவள் ஒரு ஆளிடமும் விடவில்லை. பேனரில் கைகூப்பி நிற்கிற மனுசன் அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். கஞ்சம் பிடித்தவள் என்ற பெயரைத் தானாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மலையாண்டிக்கு இதெல்லாம் அரைகுறையாகக் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தார். அவருடைய மூக்கு எவ்வளவு கூர்மையோ, வேண்டாத இடத்தில் காது அவ்வளவு மந்தம்.

இந்தப் பேச்சு உசிலம்பட்டிப் பக்கம்வரை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாளின் அண்ணன் உக்கிரபாண்டி வந்து இறங்கினார். பெயருக்கேற்ற ஆள், சிரித்தாலே பக்கத்து வீட்டில் கன்று கயிற்றை அறுத்துக்கொள்ளும். ஒரு கையில் சேவல், மறு கையில் பை. பைக்குள் ஒரு கிடாயின் சுவரொட்டி, நெஞ்செலும்பு, தூக்குவாளியில் ரத்தம். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே தங்கச்சியைப் பிடித்துக்கொண்டார். கட்டிக்கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையைக் காயப் போட்டுக் கொல்லுகிறாளாமே, ஊரெல்லாம் காறித் துப்புகிறதே, எங்கள் வீட்டுப் பெண்ணா நீ என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

பாண்டியம்மாள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணனே பின்னால் போய் அடுப்படியில் நின்று, வாட்டச் சொல்லி, வதக்கச் சொல்லி, பொரிக்கச் சொல்லி, எல்லாம் தயாரானதும் மலையாண்டியை இலைக்கு முன்னால் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் ஒரு இலை போட்டுக்கொண்டார். மலையாண்டியின் இலையில் சுவரொட்டி வந்து விழுந்தது. கறுப்பாக, பளபளவென்று, ஓரத்தில் நுரை கட்டிக்கொண்டு. அதற்குப் பக்கத்தில் பொரித்த ரத்தம் ஒரு குவியல்.

“தின்னுங்க மாப்ள. இவ போடலேன்னா நான் போடுறேன். வாரவாரம் வாரேன்.”

மலையாண்டி இலையைப் பார்த்தார். பிறகு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். இப்போதுகூட அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்தது. தானும் வாய் திறக்காமல் இதைத் தின்று தொலைத்தால், எங்காவது ரத்தம் அடைத்து விழுந்தாலும், ஊரில் அவர் பெயர் நிற்கும், அவள் பெயர் நாறும். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை இத்தனை நாளாகத் தான் முகர்ந்து பார்க்கவில்லை என்று தோன்றியது.

எழுந்து வாசலுக்குப் போனார். எதிர்வீட்டு ஜன்னலில் இப்போது இரண்டு தலைகள்.

“மச்சான், எனக்கு ரத்தம் கொறையல. கூடிப் போச்சு. சீக்கு. நான் ஒரு வருசமா யாருக்கும் ரத்தம் குடுக்கல, குடுக்கவும் கூடாது. எடுத்து ஆஸ்பத்திரிக் குப்பையில போட்டு எரிக்கிறாங்க. இவதான் இதெல்லாம் நிறுத்தி என்னைய உசுரோட வச்சிருக்கா.”

அதை அவர் உள்ளே இருந்த மச்சானைப் பார்த்துச் சொல்லவில்லை. தெருவைப் பார்த்துச் சொன்னார். ஜன்னல் தலைகள் அசையவில்லை. பக்கத்து வாசலில் பக்கீர் முகமது தேக்சா விளக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

உக்கிரபாண்டி இலைக்கு முன்னால் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எரிக்கிறாங்களா? என்னத்தோட சேத்து?”

மலையாண்டி திரும்பி வந்து உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னார். சீழ்ப் பஞ்சு, புண் கட்டு, குழாய், மஞ்சள் பை, பை போய் விழும் சத்தம், வெயில் நாளில் அந்தத் தொட்டியிலிருந்து கிளம்பும் வாடை. அவருடைய மூக்கு அறிந்ததெல்லாம் ஒரே மூச்சில் வாய்க்கு வந்துவிட்டது. உக்கிரபாண்டியின் வாயில் பாதி மென்ற சுவரொட்டி இருந்தது. அவர் முகம் மெதுவாக மாப்பிள்ளையின் முகத்தைவிட வெளுத்தது. எழுந்து பின்வாசலுக்கு ஓடினார்.

“சோறு திங்கிற எடத்துல பேசுற பேச்சா இது? ஏற்கெனவே தின்ன மாட்டீக, இப்ப எங்கண்ணனையும் திங்க விடல” என்று பாண்டியம்மாள் கணவனை ஏசினாள். ஏசிக்கொண்டே அவர் இலையிலிருந்ததை வழித்து எடுத்துப்போய்க் கொட்டினாள். ஈரத் துணியால் தரையைத் துடைத்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்துவந்து அவருக்கு முன்னால் வைத்து, மோர்ச்சோறு போட்டாள். பின்வாசலில் அண்ணன் வாய் கொப்புளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மலையாண்டி அந்தச் சத்தத்துக்குப் பல்லைக் கடித்தபடி, ஒரு வாய் எடுத்து வைத்தார்.